‘யாவ ஃப்ளாட்டு’ என்று ஆடிய கூட்டம்

அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது ஒரு சனிக்கிழமை காலையில், எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில், வியர்வை வழிய ஆடிக்கொண்டிருந்தபோது. பெங்களூரில் கோரமங்களா பக்கம் இருந்த பெரிய குடியிருப்பு அது. நீச்சல் குளம், ஜிம், சின்னதாக ஒரு கோயில் எல்லாம் உண்டு. நானும் என் கணவரும் அங்கே வாடகைக்கு இருந்தோம். சனிக்கிழமைகளில் பெண்களுக்கு ஜும்பா என்கிற நடன உடற்பயிற்சி வகுப்பு நடக்கும். சொல்லித் தருகிற பெண் புதுப் பாட்டு ஏதாவது கிடைத்தால் விடமாட்டாள். அன்றைக்கும் ஒன்றைப் போட்டாள். நெஞ்சுக்கூட்டுக்குள் போய் இடிக்கிற மாதிரி ஒரு பீட். அதன் மேல் ஒரு பெண்குரல் கன்னடத்தில், “யாவ ஃப்ளாட்டு? யாவ ஃப்ளாட்டு?” என்று கேட்டது. எந்த வீடு என்று அர்த்தம். கேட்டில் நிற்கிற காவலாளிகள் வேலைக்கு வரும் பெண்களைப் பார்த்து நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி.

கூட்டம் மொத்தமும் கையை உயர்த்திக்கொண்டு திருப்பிக் கத்தியது. “யாவ ஃப்ளாட்டு!”

பிறகு அந்தக் குரல் தமிழுக்கு மாறியது. ஊரின் பழைய உழைப்பாளர் பகுதிகளான நீலசந்திராவில், ஆஸ்டின் டவுனில் பேசுகிற தமிழ்.

“மேல போற லிப்டு எனக்கு இல்லியாம்,
மேல இருக்குற தூசி மட்டும் எனக்காம்,
உன் தட்டக் கழுவுற கையி சுத்தம்,
உன் பட்டன அமுக்குனா அசுத்தம்.”

நான் ஆடுவதை நிறுத்திவிட்டேன். பின்னால் ஆடிக்கொண்டிருந்தவள் என் மேல் மோதி, சிரித்து, மன்னிப்புக் கேட்டாள். கண்ணாடிச் சுவரில் எல்லோரும் தெரிந்தார்கள். தோள்கள் குலுங்கின, இடுப்புகள் சுழன்றன. எங்கள் குடியிருப்பில் வீட்டுவேலை செய்கிறவர்கள் ஏறுவதற்குத் தனி லிப்ட் இருந்தது. குப்பைத் தொட்டியும் சிமெண்ட் மூட்டையும் போகிற அதே லிப்ட். வீட்டுவேலை செய்கிறவர்கள் இதில் ஏறக் கூடாது என்று பிரதான லிப்டின் கதவுக்குப் பக்கத்தில் அழகான எழுத்தில் அறிவிப்பும் இருந்தது. அந்த அறிவிப்பைத் தாண்டித்தான் இவர்கள் எல்லோரும் இறங்கி வந்திருந்தார்கள். இப்போது அதைப் பற்றிய பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் ஒரு வரி புரியாமல்.

வகுப்பு முடிந்ததும் சொல்லித் தருகிறவளிடம் போய்க் கேட்டேன். போனைத் திறந்து காட்டினாள். இரண்டு பெண்கள். ஒருத்தி எழுதிப் பாடுகிறாள், இன்னொருத்தி லேப்டாப்பில் இசை அமைக்கிறாள். முதல் ஆல்பம். அட்டைப் படத்தில் ஒரு எவர்சில்வர் லிப்ட் கதவு, அதன் மேல் ஈரக் கையின் தடம்.

“லோக்கல் பொண்ணுங்க மேடம். செம எனர்ஜி இல்ல?” என்றாள்.

“பாட்டு எதைப் பத்தின்னு தெரியுமா?”

“ஏதோ ஃப்ளாட் பத்தி. முன்னாடி யாரோ பேசிட்டே இருப்பாங்க, நான் அதக் கட் பண்ணிட்டேன்.”

திங்கட்கிழமை ஆபீஸ் வண்டியில் முழு ஆல்பத்தையும் கேட்டேன். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அதற்கு வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைத்தது. இப்படி ஒரு இசையை நான் அதுவரை கேட்டதில்லை. குக்கர் விசில் ஒரு பாட்டின் மெட்டாகியிருந்தது. தரையில் இழுபடுகிற வாளியின் சத்தத்தை வெட்டி வெட்டித் தாளமாக்கியிருந்தார்கள். வீடு வாடகைக்குக் கேட்டுப் போகிறவளிடம் ஓனர்கள் கேட்கிற கேள்விகள் ஒரு பாட்டு. நீங்க என்ன ஆளுங்க, அசைவம் சமைப்பீங்களா, எந்த ஊர், ஊர்ல எந்தத் தெரு. கேள்விகள் மட்டும்தான், பதிலே இல்லை. கேள்வி கூடக் கூட வேகம் ஏறி, கடைசியில் சொற்கள் கரைந்து வெறும் இரைச்சலாக முடிந்தது.

நான் திரும்பத் திரும்பக் கேட்டது வேறொரு பாட்டை. “டப்பாவத் தொற” என்று தொடங்கும். வேலை முடிந்து போகிற பெண்கள் கேட்டில் பையைத் திறந்து காட்டுவதைப் பற்றியது. என் அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்தவள். சாயங்காலம் சங்கு ஊதியதும் பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்று பையைக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய்க் காத்திருப்பேன். அம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அடியில் ஒட்டியிருக்கிற நான்கு பருக்கையை ஒரு மீசைக்காரனுக்குக் காட்டிவிட்டு, அதை மூடிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் இத்தனை வருஷமும் பாசம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். என் எதிரே டப்பாவைத் திறந்து காட்டக் கூசியதை மறைக்கத்தான் சிரித்தாளோ என்று அன்றைக்கு வண்டியில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமலே வந்த கோபம்.

அடுத்ததாக நாங்கள் ஆடிய பாட்டு வந்தது. இந்த முறை தொடக்கம் வெட்டப்படாமல்.

ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் பேசியது. வீட்டுவேலைக்கு வருகிறவர்கள் லாபி சோபாவில் உட்காரக் கூடாது. பூங்கா பெஞ்சிலும் கூடாது. பிரதான லிப்டில் அவர்கள் ஏறினால் ஒரு வாசனை தங்கிவிடுகிறது, குடியிருப்பவர்கள் புகார் செய்கிறார்கள், தயவுசெய்து அவரவர் ஆட்களுக்குச் சொல்லிவையுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் அந்தக் குரல் தொண்டையைச் செருமியது. அந்தச் செருமலைத்தான் எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பாட்டின் அடித்தாளமாக வைத்திருந்தார்கள்.

எனக்கு அந்தச் செருமல் தெரியும். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப் குழுவில் எழுதமாட்டார், பேசித்தான் அனுப்புவார். இதே செய்தியை நானும் அந்தக் குழுவில் பார்த்திருந்தேன்.

எங்கள் வீட்டிலும் அதே மாடியில் வேறு வீடுகளிலும் ஒரே பெண்தான் வேலை செய்தார். ஐம்பது வயதுக்குப் பக்கம், நீலசந்திராக்காரர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மேடம் என்பார். மறுநாள் காலை அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பாட்டு கேட்கிறீர்களா என்று கேட்டுப் போட்டேன். செருமல் சத்தம் வந்ததும் குழாயை மூடினார்.

“இது எங்க கெடச்சுது உங்களுக்கு?”

“கீழ எல்லாரும் இதுக்குத்தான் டான்ஸ் ஆடறாங்க அக்கா.”

“யம்மா!” என்று நெஞ்சில் கை வைத்தார். சோப்பு நுரை புடவையில் ஒட்டியது. “இது எம் பொண்ணு மேடம். பாடறது எம் பொண்ணு.”

அவர் சொன்ன கதை இதுதான். எதிர்வீட்டு மேடம் செயலாளரின் அந்தச் செய்தியை அப்படியே அக்காவின் போனுக்கு அனுப்பி, கேட்டுக்கோ என்று கீழே எழுதியிருந்தாள்.

“எனக்கு இங்கிலீஷ் வராது. இன்னா சொல்றாரு பாருன்னு பொண்ணுகிட்ட குடுத்தேன். அவ கேட்டா. மறுபடியும் கேட்டா. ஒண்ணுமில்லம்மா, லிப்டு ரிப்பேருன்னு சொல்லிட்டா. அன்னிக்கு அவ சோறு துன்னல. அப்பறம் ரொம்ப நாள் கழிச்சு, இந்தப் பாட்ட போட்டுக் காட்டி, அந்தாளு இதான்மா சொன்னான்னு சொல்றா.”

“உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“வாசனன்னு சொன்னாராமே.” அக்கா மறுபடி குழாயைத் திறந்தார். “காலையில குளிச்சிட்டுத்தான் மேடம் வர்றேன். தண்ணி வராத நாளும் கொடத்துல புடிச்சு வச்சுக் குளிச்சிட்டு வர்றேன்.”

எனக்கு அந்த நிமிஷமே போய்ச் செயலாளரின் கதவைத் தட்ட வேண்டும் போலிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டார் போல. “யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க கைய புடிச்சிக் கேக்கறேன்” என்றார். நான் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பாட்டு பிரபலமாகப் பிரபலமாக யாரோ முழுதாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, இது நம் செயலாளர் குரல்தானே என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு என் போன் ஓயவில்லை. அவதூறு, அந்தரங்கம், போலீஸ், வக்கீல் என்று செய்தி மேல் செய்தி. அந்த அறிவிப்பு சரியா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாட்டின் வீடியோவில் பாடிய பெண்ணின் முகத்தை எதிர்வீட்டுக்காரி அடையாளம் கண்டுகொண்டாள். அக்காவுக்கு டெங்கு வந்தபோது ஒரு வாரம் மகள் வந்து அந்த எதிர்வீட்டில் மட்டும் வேலை செய்திருக்கிறாள். “இவளுக்கு நான் என் மகளின் பழைய உடைகளைக் கொடுத்தேன்” என்று எழுதி ஒரு அழுகிற முகத்தையும் போட்டிருந்தாள்.

மறுநாள் காலை அக்கா கேட்டிலிருந்து போனில் கூப்பிட்டார். உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள் என்றார். இறங்கி ஓடினேன். குடியிருப்புக்குள் வருகிறவர்களைப் பதிவு செய்கிற செயலியைத் திறந்து, காவலாளி போனை என் முன் நீட்டினார். அக்காவின் படத்துக்கு மேல் சிவப்பாக ஒரு கோடு.

“பிளாக் ஆகிதே மேடம். நான் ஏன் மாட்லி?” என்றார், நான் என்ன செய்யட்டும் என்று கன்னடத்தில். அவர் என்ன செய்வார்? அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் அக்கா நின்ற விதம்தான் எனக்குத் தாங்கவில்லை. டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வருகிற கார்களுக்கு வழிவிட்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

என் போனை எடுத்தேன். அந்தச் செயலியில் விருந்தாளிகளைப் பதிவு செய்ய ஓர் இடம் உண்டு. அக்காவின் பெயரை என் விருந்தாளியாகப் போட்டேன். காவலாளியின் போன் மணியடித்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார். அக்காவின் கையைப் பிடித்து லாபி வழியாக நடத்திப் போய், பிரதான லிப்டில் ஏற்றினேன். உள்ளே நாயோடு ஒருவர் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் நாயை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

“வேணாம் மேடம், பேஜாராயிடும்” என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடியைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் கோபத்தில் அவருக்காகச் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார இறுதியில் கூட்டம் கூட்டினார்கள். அதே கிளப் ஹவுஸ், அதே கண்ணாடிச் சுவர். ஜும்பா ஆடுகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. நான் கிளம்பியபோது என் கணவரும் வந்தார். அவர் மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு இங்கே வந்த குடும்பம். கன்னடமும் தமிழும் கலந்து ஓடுகிற வீடு, யாரும் சத்தமாகப் பேசாத வீடு.

“ஆல்பம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தர் வாய்ஸ கேக்காம யூஸ் பண்றது தப்புதான?” என்றார் படியில்.

“அவர் சொன்னது தப்பில்லையா?”

“அதுவும் தப்புதான். ஸ்வல்ப நிதானமா பேசு.”

செயலாளர் நீளமாகப் பேசினார். நாம் குடும்பம் போல நடத்தியவர்கள் நம் முதுகில் குத்திவிட்டார்கள் என்றார். நம்பி வீட்டுக்குள் விட்டோம், நம் செய்தியைத் திருடி விற்றுவிட்டார்கள் என்றார். எதிர்வீட்டுக்காரி முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். ஆங்கிலத்தில்தான் தொடங்கினேன், ஆத்திரத்தில் பாதிக்குமேல் தமிழ் வந்துவிட்டது.

“யாரும் திருடல. இந்த ரூம்ல இருக்கற ஒருத்தர்தான் அத அவங்க போனுக்கு அனுப்பினாங்க. கேட்டுக்கோன்னு எழுதி அனுப்பினாங்க. கேட்டுக்கிட்டாங்க. இப்ப ஏன் கத்தறீங்க?”

எதிர்வீட்டுக்காரியின் தலை நின்றது.

“அந்தப் பாட்டுக்கு இதே எடத்துல வாராவாரம் ஆடினது யாரு? உங்களப் பத்திதான் பாட்டு. உங்களுக்கே புரியல. ஏன்னா அந்தப் பாஷைல அவங்க என்ன பேசறாங்கன்னு உங்களுக்குக் கேக்கணும்னே தோணல.”

செயலாளர் பதில் சொல்லத் தொண்டையைச் செருமினார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் செருமலைப் பாட்டாகக் கேட்ட பிறகு வெறும் செருமலாகக் கேட்க முடியவில்லை. அவர் முகம் சிவந்தது.

“நீங்க டெனன்ட்தானே? உங்க ஓனர் வந்திருக்காரா?” என்றார். “இது ஓனர்ஸ் மீட்டிங். உட்காருங்க.”

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. டெனன்ட்தானாம் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது காதில் விழுந்தது. நான் உட்காரவில்லை, வெளியே நடந்தேன். கதவருகே திரும்பிப் பார்த்தேன். என் கணவர் நாற்காலியிலேயே இருந்தார், தலை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு. செயலாளர் மேல் வந்த கோபம் சில வாரங்களில் தணிந்தது. குனிந்த அந்தத் தலையின் மேல் வந்த கோபம் தணிய அதைவிட நாளானது.

“நானும் எழுந்திருந்தா என்ன மாறியிருக்கும்?” என்று வீட்டில் கேட்டார்.

“எதுவும் மாறியிருக்காது. எழுந்திருக்கணும்.”

அதன் பிறகு நடந்தவை யாரும் எதிர்பார்க்கக்கூடியவைதான். அக்காவின் பெயரில் விருந்தாளிப் பதிவும் ஏறாதபடி செய்துவிட்டார்கள். எங்கள் மாடியில் இருந்த வேலை மொத்தமும் போனது. எங்கள் ஓனர் போன் செய்து, மகன் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறான், வீடு வேண்டும் என்றார். அவருக்கு இருப்பது ஒரு மகள்தான். ஜும்பா சொல்லித் தந்தவள் அந்தப் பாட்டை எடுத்துவிட்டாள். பாவம், அவளைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்கள்.

அக்காவைப் பார்க்க நீலசந்திராவுக்குப் போனேன். குறுகலான சந்து, மாடிப்படியின் அடியில் வீடு. டீ போட்டுக் கொடுத்தார். ரிச்மண்ட் டவுன் பக்கம் வேறு வேலை கிடைத்துவிட்டது என்றார். பிறகு, “ஏன் மேடம் மீட்டிங்ல பேசினீங்க? சும்மா இருந்திருந்தா கொஞ்ச நாள்ல மறந்துட்டு என்னையே கூப்ட்டிருப்பாங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “உங்க பொண்ணுகிட்டயும் இப்படித்தான் சொன்னீங்களா?”

“அவள திட்டாத நாளில்ல. பாட்டுல போட்டு இன்னா ஆச்சு, வேலதான் போச்சுன்னு திட்டுவேன்.” காலி டம்ளரை எடுத்து வைத்தார். “ஆனா போன்ல டெய்லி கேக்கறேன். அந்தாளு கனைக்கறான் பாருங்க, அதுல சிரிப்பு வந்துரும் எனக்கு.”

மகளை நான் சந்தித்தது அதற்கடுத்த ஞாயிறு சாயங்காலம். இந்திராநகரில் ஒரு பப்பில் அவர்கள் பாடினார்கள். அக்கா வரவில்லை. அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன் என்றுவிட்டார். உள்ளே நின்ற கூட்டத்தைப் பார்த்தால் எங்கள் கிளப் ஹவுஸை அப்படியே தூக்கி வந்து வைத்தது போலிருந்தது. இசை அமைக்கிற கன்னடக்காரப் பெண் லேப்டாப்புக்குப் பின்னால் தலையை அசைத்துக்கொண்டே பொத்தான்களைத் தட்டினாள். அக்காவின் மகள் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிக்காமல் நின்று பாடினாள். “யாவ ஃப்ளாட்டு” வந்ததும் கையில் பீர் கோப்பையோடு எல்லோரும் குதித்தார்கள். அவள் குரல் அந்தக் குதிப்பின் மேல் கத்தி மாதிரி இறங்கியது. ஒரு கட்டத்தில் இசையை நிறுத்தச் சொல்லி, லிப்டைப் பற்றிய நான்கு வரியையும் வெறும் பேச்சாகச் சொன்னாள். கூட்டம் அதற்கும் விசிலடித்தது.

முடிந்தபின் வெளியே நடைபாதையில் நின்றிருந்தவளிடம் போய், நான் யார் என்று சொன்னேன். ஆல்பம் எனக்கு என்ன செய்தது என்று சொல்லத் தெரியாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

“அம்மா சொன்னாங்க உங்களப் பத்தி. கெஸ்ட்டுன்னு போட்டுக் கூட்டிட்டுப் போனீங்களாமே.”

“ஆமா.”

“தேங்க்ஸ் அக்கா. ஆனா எங்கம்மா உங்களுக்கு கெஸ்ட் இல்ல. அவங்க வேல செய்ய வந்தவங்க. வேல செய்ய வந்தவங்களாவே அந்த லிப்டுல ஏறணும். யாரோட கெஸ்ட்டாவும் இல்ல.”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் வீட்டை இழந்து நிற்கிறேன், இவள் என்ன பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் குரல் உயரவில்லை. உள்ளே குதித்த கூட்டம் எங்களைத் தாண்டி ஆட்டோ தேடிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண் நின்று, “லவ் யுவர் எனர்ஜி” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் அதற்கும் தேங்க்ஸ் என்றாள், எனக்குச் சொன்ன அதே குரலில்.

“உங்களுக்குக் கோவமா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“இருக்கட்டும். எனக்கும்தான்.”

சில நாட்கள் அவள் மேல் கோபமாகவே இருந்தேன். ஆல்பத்தைக் கேட்கவில்லை. பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், ஒரு பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றும்போது அவள் சொன்னது முழுதாக விளங்கியது. அன்று லிப்டில் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு வந்ததும் விளங்கியது. என் கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, டேப்பைக் கிழித்துக் கையில் கொடுத்து, “அவ சொல்றது கரெக்ட்” என்றார். அவரும் அதற்குள் ஆல்பத்தை முழுதாகக் கேட்டிருந்தார், எனக்குத் தெரியாமல்.

இப்போது ஜீவனஹள்ளியில் இருக்கிறோம், இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. செயலாளரைப் போட்டியில்லாமல் மறுபடியும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. வக்கீல் நோட்டீஸ் வந்து பாட்டின் தொடக்கத்திலிருந்து அவர் பேச்சை எடுக்க வேண்டியதாகிவிட்டது. செருமலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். செருமலுக்கு யாரும் உரிமை கோர முடியாது என்று அவர்கள் வக்கீல் சொன்னாராம். அக்கா போனில் இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு, லிப்டுக்குப் பக்கத்தில் அந்த அறிவிப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கும் என்று நினைவுக்கு வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.